மூசியை அடக்கிய விசுவேசுவரய்யா: நகர சுத்தத்துக்கு வழி காட்டிய பொறியாளர்

நயாபுல் பாலத்தைப் பஸ்ஸில் கடக்கும் தமிழர்களுக்கு மூசி நதியைப் பார்த்ததும் கூவம் நினைவுக்கு வரும். கறுத்த நீர், நுரை, கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகள். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பவர்களே அதிகம். இந்த நதியா ஒரே நாளில் ஒரு மாநகரத்தை அழித்தது என்று புதிதாக வந்தவர்கள் வியப்பார்கள்.

அழித்தது உண்மை. அந்த அழிவுக்குப் பிறகு ஹைதராபாத் நகரத்தை மீண்டும் நிமிர்த்தி வைக்க நிஜாம் அரசு ஒரு பொறியாளரை வரவழைத்தது. வந்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டியவர் என்றே அவரைத் தமிழர்கள் அறிவார்கள். காவிரி நீர் பற்றிய பேச்சில் அவர் பெயர் அடிபடாமல் இருந்ததில்லை. ஆனால் அணை கட்டுவதற்கு முன்பே அவர் பல ஊர்களுக்குக் குடிநீரும் சாக்கடையும் அமைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஹைதராபாத்துக்கு அவர் செய்த நன்மையில் பாதி இந்தச் சாக்கடைத் திட்டம்தான்.

முத்தனஹள்ளிச் சிறுவன்

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், சிக்கபள்ளாப்பூருக்கு அருகே உள்ள சிற்றூர் முத்தனஹள்ளி. அங்கே 1861 செப்டம்பர் 15-ல் விசுவேசுவரய்யா பிறந்தார். பிறந்த ஆண்டு 1860 என்று கூறுவோரும் உண்டு. தந்தை சீனிவாச சாஸ்திரி சமஸ்கிருதப் புலவர். குடும்பத்தின் பூர்வீகம் ஆந்திர நாட்டிலுள்ள மோட்சகுண்டம் என்ற ஊர். அந்த ஊர்ப் பெயரே அவர் பெயருக்கு முன்னால் நிலைத்தது.

வீட்டில் கல்வி இருந்தது, காசு இல்லை. இளம் வயதிலேயே தந்தையையும் இழந்தார். தாய்மாமன் ஆதரவில் பெங்களூருக்கு வந்து படித்தார். கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு குடகுக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அதில் கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளினார். 1881-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். மைசூர் அரசு உதவித்தொகை கொடுத்துப் புனா அறிவியல் கல்லூரிக்கு அனுப்பியது. 1883-ல் பொறியியல் தேர்வில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தது.

படிப்பு ஒன்றே முதலாக ஊரை விட்டு வெளியேறி, அந்நிய மாகாணத்தில் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்த இளைஞர் அவர். வேலை தேடிச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது.

மணலையே வடிகட்டி ஆக்கியவர்

பம்பாய் மாகாணத்தில் அவர் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அந்த நாளில் சிந்து மாநிலமும் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே சிந்து நதிக்கரையில் உள்ள சுக்கூர் நகராட்சிக்குக் குடிநீர் வசதி வேண்டியிருந்தது. நதி நீர் ஒரே கலங்கல். அதைத் தெளிய வைக்க வடிகட்டும் தொட்டிகள் கட்டலாம் என்றால் நகராட்சியிடம் பணம் இல்லை.

விசுவேசுவரய்யா ஒரு வழி கண்டார். நதியின் படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். மணல் வழியே ஊறி வந்த நீர் தெளிந்து வந்தது. காசு கொடுத்துக் கட்டவேண்டிய வடிகட்டியை இயற்கையே இலவசமாகக் கொடுத்தது. கையில் இருப்பதை வைத்தே காரியம் முடிக்கும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

பின்னர் சூரத், புனா முதலிய ஊர்களில் பணி செய்தார். புனாவுக்கு அருகே கடக்வாஸ்லா அணையில் வெள்ளம் உயர்ந்தால் தாமே திறந்து, வடிந்தால் தாமே மூடிக்கொள்ளும் மதகுகளை 1903-ல் அமைத்தார். அவரே வகுத்த அமைப்பு அது. 1906-ல் அரசு அவரை ஏடனுக்கு அனுப்பியது. மழையே அரிதான அந்தத் துறைமுகத்துக்கு எங்கிருந்து குடிநீர் கொண்டுவரலாம், கழிவு நீரை எப்படி வெளியேற்றலாம் என்று ஆராய்ந்து திட்டம் கொடுத்தார். பம்பாய் அரசின் சுகாதாரப் பொறியாளர் பதவியும் அவரிடம் வந்தது.

ஊருக்குக் குடிநீர் கொண்டுவருகிறவர் அந்த நீர் அழுக்காகி எங்கே போகிறது என்பதையும் பார்த்தாகவேண்டும் என்பது இந்த அனுபவங்களில் அவர் கற்ற பாடம். 100 குடம் நீர் வீட்டுக்குள் வந்தால் அதில் பெரும்பகுதி கழிவாக வெளியே போகும். வரும் வழியை மட்டும் அமைத்துப் போகும் வழியை அமைக்காத நகரம் சேற்றில் நிற்கும்.

திறமை எவ்வளவு இருந்தாலும் தலைமைப் பொறியாளர் நாற்காலி அந்த நாளில் வெள்ளையருக்கே உரியது. அது தனக்குக் கிட்டாது என்று தெரிந்ததும் 1908-ல் விசுவேசுவரய்யா விலகிக்கொண்டார். ஐரோப்பிய நகரங்களைப் பார்த்துவரச் சொந்தச் செலவில் புறப்பட்டார். அவர் வெளிநாட்டில் இருந்தபோதுதான் ஹைதராபாத்தை இடி தாக்கியது போன்ற அந்தச் சம்பவம் நடந்தது.

1908 செப்டம்பர் 28

விகாராபாத்துக்கு அருகே அனந்தகிரி மலையில் மூசி பிறக்கிறது. நகருக்குச் சற்று மேற்கே ஈசி என்ற துணை நதி வந்து சேருகிறது. 1908 செப்டம்பர் கடைசியில் இந்த இரண்டு நதிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் பேய்மழை கொட்டியது. ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12 அங்குலத்துக்கு மேல் பெய்தது.

மழையைவிடப் பெரிய ஆபத்து ஏரிகளில் காத்திருந்தது. நகருக்கு மேலே உள்ள பரப்பில் ஏறத்தாழ சதுர மைலுக்கு ஒன்று வீதம் 788 ஏரி, குளங்கள் இருந்தன. ஒன்று நிரம்பி அடுத்ததில் விழும் சங்கிலி அமைப்பு அது. தமிழ்நாட்டு ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மேலே ஓர் ஏரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழே உள்ள ஏரியின் தலையில் இறங்கும். அந்த மழையில் 221 ஏரிகள் உடைந்தன.

செப்டம்பர் 28 அதிகாலை நகருக்குள் வெள்ளம் புகுந்தது. அப்சல், முசல்லம் ஜங், சாதர்காட் பாலங்கள் மூன்றும் சிதைந்தன. பழமையான புராணாபுல் ஒன்றே தாக்குப்பிடித்தது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். 19,000 வீடுகள் இடிந்தன. 80,000 பேர் வீடிழந்து தெருவில் நின்றனர். இன்று உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் புளிய மரத்தில் ஏறிக்கொண்டவர்கள் சுமார் 150 பேர் உயிர் தப்பினர். அந்த மரத்துக்கு ஆண்டுதோறும் இன்றும் மரியாதை செய்கிறார்கள்.

ஆறாவது நிஜாம் மீர் மகபூப் அலிகான் அரண்மனைக் கதவுகளை மக்களுக்குத் திறந்துவிட்டார். கஞ்சி ஊற்றினால் பசி தீரும், அடுத்த வெள்ளத்துக்கு என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு விடை தேடி நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவுக்குத் தந்தி அடித்தது.

ஏழு மாத வேலை

1909 ஏப்ரல் 15-ல் அவர் ஹைதராபாத்தில் பொறுப்பேற்றார். அங்கே அவர் தங்கியது ஏறத்தாழ ஏழு மாதங்கள்தான். அந்தக் காலத்துக்குள் எங்கே எவ்வளவு மழை பெய்தது, எந்த ஏரி எப்போது உடைந்தது, எந்தத் தெருவில் நீர் எத்தனை அடி நின்றது என்பதையெல்லாம் கணக்கெடுத்தார். பிற ஊர்களில் பெய்த பெருமழைகளின் பதிவுகளையும் வரவழைத்து ஒப்பிட்டார். மூசியில் அன்று விநாடிக்கு 4,25,000 கன அடி வெள்ளம் வந்திருக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

வெள்ளத்தை நகருக்குள் வந்த பிறகு தடுப்பது கடினம், வருமுன்பே நிறுத்தி வைக்கவேண்டும் என்றார். மூசியில் ஒன்றும் ஈசியில் ஒன்றுமாக நகருக்கு மேலே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டும்படி யோசனை கூறினார். நகருக்குள் நதிக்கரைகளை உயர்த்தி, பூங்காக்களும் உலாவும் சாலைகளும் அமைக்கச் சொன்னார். 1909 அக்டோபரில் அறிக்கை அரசின் கையில் இருந்தது.

அந்தத் திட்டத்தின் பலனாக எழுந்தவைதாம் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும். ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் காலத்தில், 1920-ல் முதலாவதும் 1927-ல் இரண்டாவதும் முடிந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஏரிகளே நகரத்தின் தாகத்தையும் தீர்த்தன. உஸ்மான் சாகரைத்தான் நகர மக்கள் கண்டிப்பேட்டை என்கிறார்கள். கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே வந்து வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பேச்சுக்குச் சாட்சி.

அறிக்கையின் மறுபாதி

ஏரிகளைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். அவர் பணியின் மறுபாதி மண்ணுக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. அதுதான் பாதாளச் சாக்கடைத் திட்டம்.

அன்றைய ஹைதராபாத்தில் வீட்டுக் கழிவு நீர் திறந்த சாக்கடைகளில் ஓடி நாலாக்களில் கலந்து மூசியில் விழுந்தது. மனிதக் கழிவை மனிதர்களே கூடையில் அள்ளித் தலையில் சுமந்து சென்றார்கள். இந்தியாவின் பல நகரங்களிலும் அப்போது இதே நிலைதான். காலராவும் பிளேக்கும் இப்படிப்பட்ட இடங்களை விட்டு நீங்குவதில்லை. 1911-ல் ஹைதராபாத்தைப் பிளேக் வாட்டியது. அடுத்த ஆண்டே நகர அபிவிருத்தி வாரியம் ஏற்பட்டது. நெருக்கமான குடிசைப் பகுதிகளை அகற்றி, காற்றோட்டமான வீடுகளும் அகலமான சாலைகளும் அந்த வாரியம் அமைத்தது.

சுத்தமான வீடுகள், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்கள், புழுதி இல்லாத சாலைகள், நடைபாதைகள், பூங்காக்கள் ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் ஹைதராபாத் ஒரு தலைநகரத்துக்குரிய நிலையை அடையும் என்பது விசுவேசுவரய்யாவின் கருத்து. வெள்ளத்தைத் தடுக்க வந்தவர் கழிப்பிடத்தைப் பற்றி ஏன் எழுதுகிறார் என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். அவர் இரண்டையும் ஒரே காரியமாகக் கண்டார். நகரத்துக்குள் வரும் நீருக்கும் நகரத்தை விட்டுப் போகும் நீருக்கும் ஒழுங்கான வழி வேண்டும். வழி அடைபட்டால் வெள்ளமும் நோயும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

பாதாளச் சாக்கடையின் தத்துவம் எளிது. வீட்டிலிருந்து சிறு குழாய், தெருவில் அதைவிடப் பெரிய குழாய், சாலையில் இன்னும் பெரிய குழாய். எல்லாம் ஒரே சீரான சரிவில் நகருக்கு வெளியே செல்லும். இழுத்துச் செல்ல இயந்திரம் வேண்டாம், நீரின் எடையே அதை ஓட்டும். விநாடிக்கு சுமார் 2 அடி வேகத்தில் ஓடினால் அழுக்கு எங்கும் படியாமல் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். பொறியாளர் சரிவைக் கணக்கிடுவது இந்த வேகத்துக்காகத்தான்.

ஹைதராபாத்தின் பாதாளச் சாக்கடை 1931-ல் செயலுக்கு வந்தது. அன்றைய நகரத்தின் 54 சதுர கி.மீ. பரப்புக்கு, 4 லட்சத்து 68 ஆயிரம் மக்களுக்காக அமைத்தது அது. இடைக்காலத்திலும் நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை மீண்டும் அழைத்து ஆலோசனை கேட்டது. தெருக்குழாய் போட்டால் போதாது, வீடுகளை அதனுடன் இணைக்கவேண்டும் என்பதில் அவர் கண்ணாக இருந்தார். அரசு தெருமுனை வரை வரலாம். அதற்கு மேல் வீட்டுக்காரர் ஒத்துழைத்தால்தான் திட்டம் நிறைவேறும்.

மைசூர் திவான்

1909 நவம்பரில் அவர் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளரானார். 1912-ல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரைத் திவானாக நியமித்தார். பதவியை ஏற்குமுன் அவர் தம் உறவினர்களிடம் ஓர் உறுதி கேட்டார். யாரும் சிபாரிசு என்று தம்மிடம் வரக்கூடாது என்பது அது. அப்படி வருவதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே நாற்காலியில் அமர்ந்தார்.

கிருஷ்ணராஜ சாகர் அணை, மைசூர் வங்கி, 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம், பத்ராவதி இரும்பாலை ஆகியவை அவர் முயற்சியில் பிறந்தவை. அவற்றின் பெருமையில் ஒரு சிறு திட்டம் மறைந்துபோனது. கிராம அபிவிருத்தித் திட்டம் என்பது அதன் பெயர். ஊர்க் குழுக்கள் அமைத்து, வாரத்தில் அரை நாள் ஊரார் பொது வேலைக்கு உழைப்புக் கொடுக்கும்படி செய்தார்கள். தெருவைச் சீர்ப்படுத்துவது, கிணற்றைச் சுத்தம் செய்வது, குப்பைக் குழியை ஊருக்கு வெளியே மாற்றுவது போன்ற வேலைகள் அப்படி நடந்தன. கோடி ரூபாய் அணைக்குத் திட்டம் தீட்டியவர், ஊரார் தம் தெருவைத் தாமே பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதற்கும் அதே அக்கறை காட்டினார்.

1918-ல் திவான் பதவியிலிருந்து விலகினார். அதன் பிறகும் ஓய்ந்து உட்காரவில்லை. பல நகரங்களுக்கும் தொழில்களுக்கும் ஆலோசனை கூறினார், நூல்கள் எழுதினார். நேரம் தவறுவது அவர் அகராதியில் இல்லை. தலைப்பாகை, கோட்டு, டை இல்லாமல் அவரை வெளியே பார்த்தவர்கள் இல்லை என்பார்கள். அரசாங்க வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி, சொந்த வேலைக்குத் தம் காசில் வாங்கிய இன்னொரு மெழுகுவர்த்தி வைத்திருந்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. 1955-ல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறு வயதைத் தொட்ட பிறகு, 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். அவர் பிறந்த செப்டம்பர் 15-ஐ நாடு பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறது. ஹைதராபாத் கைரதாபாத்தில் பொறியாளர் சங்கத்தின் கட்டடம் விசுவேசுவரய்யா பவன் என்ற பெயரோடு நிற்கிறது.

நகரம் பெருத்தது, வழி சுருங்கியது

அவர் வகுத்த வழிகளுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

4 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு அமைத்த சாக்கடை. இன்று நகர மக்கள் தொகை அதைப்போலப் பல மடங்கு பெருகி நிற்கிறது. புதிய குழாய்கள் போடப்பட்டன. அம்பர்பேட்டையில் நாளொன்றுக்கு 33 கோடியே 90 லட்சம் லிட்டர் கழிவு நீரைச் சுத்தப்படுத்தும் நிலையம் எழுந்தது. ஆயினும் வீடுகள் பெருகிய வேகத்துக்குக் குழாய்கள் பெருகவில்லை. இணைப்பு இல்லாத வீடுகளின் கழிவு பழையபடி நாலாவில் விழுந்து மூசிக்குப் போகிறது. குகட்பள்ளி நாலாவும் பிக்கெட் நாலாவும் கொண்டுவந்து கொட்டிய அழுக்கில் உசேன் சாகர் நாறியது.

மழை நீருக்கு உரிய நாலாக்களின் கரையில் கட்டடங்கள் எழுந்தன. ஏரிப் படுகைகளில் மனைகள் விற்றார்கள். மிச்சமிருந்த வழியைக் குப்பை அடைத்தது. 2000 ஆகஸ்டில் நகரம் மூழ்கியது. 2020 அக்டோபர் 13-ல் பேகம்பேட்டையில் ஒரே நாளில் 19 சென்டிமீட்டர் மழை பெய்து நகரம் மீண்டும் மூழ்கியது. சில நாளில் பாலாப்பூர் குர்ரம் செருவு ஏரியின் கரை உடைந்து, பல காலனிகளின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மேலே ஓர் ஏரி உடைந்தால் கீழே என்ன ஆகும் என்று 1909-ல் எழுதிக் கொடுத்த பாடம் 111 ஆண்டு கழித்தும் பழசாகவில்லை.

குப்பையின் கதையும் இதே கதைதான். நகரத்துக் குப்பை லாரி லாரியாக ஜவஹர்நகருக்குப் போய் மலையாகக் குவிந்தது. அதிலிருந்து கசிந்த சாறு பக்கத்து மல்காரம் ஏரியைக் கெடுத்தது. அங்குள்ள ஊரார் கிணற்று நீரை இழந்தார்கள். சென்னையில் கொடுங்கையூரையும் பெருங்குடியையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜவஹர்நகர் மலையை மண்ணிட்டு மூடினார்கள், 2020-ல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் வந்தது. ஆனால் ஈரக் குப்பை கலந்து வந்தால் சரியாக எரியாது. ஆலை எத்தனை பெரிதானாலும் அதன் வேலை வீட்டுச் சமையலறையில்தான் தொடங்குகிறது.

குழாய் முடியும் இடம்

சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சியைத் திட்டுவது வழக்கம். திட்டுவதில் நியாயமும் உண்டு. ஆனால் அடைப்பை எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் பை, பால் கவர், துணி, குழந்தைகளின் டயபர், ஷாம்பு பாக்கெட் வரும். இவற்றை அதில் போட்டது நகராட்சி அல்ல. சூடாக இருக்கும்போது தொட்டியில் ஊற்றிய எண்ணெய் குழாயில் போய் ஆறிக் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோறும் டீத்தூளும் படியும். அந்த இடத்தில் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குழாய் தன்னைக் கழுவிக்கொள்ளாது. பொறியாளரின் கணக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொய்த்துப்போகிறது.

மழை பெய்து தெருவில் நீர் நின்றால் சாக்கடை மூடியைத் திறந்துவிடும் பழக்கமும் பல காலனிகளில் உண்டு. நீர் உடனே இறங்குவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். கூடவே தெருக்குப்பை அத்தனையும் குழாய்க்குள் இறங்குகிறது. திறந்து கிடக்கும் குழியில் ஆள் விழுந்து மாண்டதும் உண்டு.

அடைத்த குழாயை யார் எடுப்பது? தலைச்சுமையாகக் கழிவைச் சுமக்கும் கொடுமையை ஒழிப்பதற்காகப் போட்ட குழாய் அது. அது அடைபட்டால் மறுபடியும் ஓர் ஏழை மனிதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விஷ வாயு நிறைந்த குழிக்குள் இறங்குகிறான். கையால் மலம் அள்ளுவதை 1993-லேயே சட்டம் தடை செய்தது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவதை 2013-ல் வந்த சட்டம் தடுத்தது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தனைக்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. சாக்கடையில் எறியும் ஒரு பை யாரோ ஒருவர் வீட்டுத் தாலியை அறுக்கக்கூடும்.

செய்யவேண்டியது கடினமான காரியம் அல்ல. 2016-ல் மத்திய அரசு வகுத்த விதிகள், குப்பையை வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, தீங்கு தரும் குப்பை என்று பிரிக்கச் சொல்லின. ஹைதராபாத் மாநகராட்சி அதற்கு முன் ஆண்டிலேயே வீடுகளுக்குப் பச்சை, நீல நிறக் கூடைகள் கொடுத்தது. பல வீடுகளில் அந்தக் கூடைகளில் அரிசியும் துணியும் இருக்கின்றன. காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் பச்சைக் கூடைக்கு. காகிதம், பிளாஸ்டிக், டப்பா நீலக் கூடைக்கு. பழைய பாட்டரி, உடைந்த பல்பு, காலாவதி மருந்து தனியே. டயபரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுத்தால் அள்ளுகிறவர் கைக்கு மரியாதை. எண்ணெய்ச் சட்டியைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் குழாய்க்கு நன்மை. தொட்டியில் ஒரு சல்லடை வைத்தால் சோறு உள்ளே போகாது.

மாடி வீட்டில் இரண்டு மண் தொட்டி வைக்க இடம் இருந்தால் காய்கறிக் கழிவோடு காய்ந்த இலையையும் கொஞ்சம் மண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல எரு கிடைக்கும். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் கடையில் உரம் வாங்கவேண்டாம். ஊரில் கொல்லைப்புறத்து எருக்குழியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா? பிழைக்க வந்த இடத்தில் கொல்லைப்புறம் இல்லை என்பதால் பழக்கமும் விட்டுப்போயிற்று. வாடகை வீடுதானே, நம் ஊரா என்ன என்ற எண்ணமும் ஒரு காரணம்.

விசுவேசுவரய்யாவுக்கும் ஹைதராபாத் சொந்த ஊர் அல்ல. ஏழு மாதம் தங்கிச் சென்ற வெளியூர்க்காரர். தங்கிய அந்த நாட்களில் இந்த நகரத்தின் ஒவ்வொரு ஏரியையும் நாலாவையும் தம் வீட்டுக் கிணறு போலக் கணக்குப் பார்த்தார். நகரத்துக்கு அணையும் குழாயும் வந்துவிட்டன. அந்தக் குழாயின் ஒரு முனை ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது. அதில் எதைப் போடுவது, எதைப் போடக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது அந்த வீட்டில் குடியிருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.